விக்கிறதுக்கில்லீங்க, ஓட்டறதுக்கு

மஞ்சள் வேக வைக்கிறதைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்ப வேற ஒண்ணு மனசுல கிடந்து உறுத்துது, அதை இறக்கி வெச்சாத்தான் மத்த வேலை ஓடும்.

போன ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் கார்ல வந்தார். நாப்பது வயசு இருக்கும். நல்ல மனுசர், தப்பாச் சொல்லக்கூடாது. செருப்பை வாசல்லயே கழட்டிட்டுத் திண்ணையில உக்காந்தார், மோர் குடிச்சார், மழையைப் பத்திக் கேட்டார். ஆனா கண்ணு மட்டும் கட்டுத்தரைப் பக்கமே இருந்தது. அங்கேதான் அப்பாவோட ஆர்.எக்ஸ். 100 நின்னுட்டிருந்தது. ரெண்டு பக்கமும் பால் கேன் மாட்டற கொக்கி, சீட்டுக்குப் பின்னால சோளத்தட்டு கட்டறதுக்கு வெல்டிங் வெச்ச கம்பி, டேங்க்ல மண்வெட்டிக் காம்பு இடிச்ச ஒரு நெளிவு.

"ஏனுங்க, அந்த வண்டி என்ன விலைக்கு வரும்?"

"அது விக்கிறதுக்கில்லீங்க."

"எம்பதாயிரம் தர்றேனுங்க. இப்பவே."

எம்பதாயிரம்னா சும்மா இல்லை. அந்தக் காசுல ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். வீட்டுக்குள்ள இருந்து அம்மிணி எட்டிப் பார்த்ததை நானும் பார்த்தேன். இருந்தாலும் இல்லீங்கன்னுதான் சொன்னேன். அப்பத்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"சாணிக்குள்ள நிக்க வேண்டிய வண்டியாங்க இது? நான் எடுத்துட்டுப் போய் முழுசா ரெஸ்டோர் பண்ணி ஹால்ல நிறுத்துவேன். இந்த வண்டியைக் காப்பாத்தணுமுங்க."

காப்பாத்தணுமாம். முப்பது வருசத்துக்கு மேலா தினமும் ஓடிட்டிருக்கிற வண்டியை, ஓடாம நிறுத்தி வெச்சுக் காப்பாத்தப் போறாராம். அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லாம அவரை மரியாதையா அனுப்பி வெச்சேன். சொல்லாம விட்டதைத்தான் இங்கே எழுதறேன். நகரத்துல இருந்து படிக்கிறவங்கதான் இங்கே அதிகம், அதனால கொஞ்சம் காட்டமாவே இருக்கும். பொறுத்துக்குங்க.

அந்த வண்டியை அப்பா 1992ல மஞ்சள் வித்த காசுல வாங்கினார். ஆர்.சி. புத்தகத்துல பெரியார் மாவட்டம்னு முத்திரை இருக்கும். ஈரோடு மாவட்டம்னு பேர் மாறினது அப்புறம்தான். 1996ல ஆர்.எக்ஸ். 100 வர்றதும் நின்னு போச்சு. 1985ல எஸ்கார்ட்ஸ்காரங்களும் யமஹாவும் சேர்ந்து கொண்டு வந்த வண்டி, மொத்தமே பதினோரு வருசம்தான் வந்தது. 98 சிசி, ரெண்டு ஸ்ட்ரோக், பதினோரு குதிரைத்திறன், எடை நூறு கிலோ சுமார். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். சினிமாவும் வீடியோவும் சேர்ந்து அதை ஒரு சாமியாவே ஆக்கி வெச்சிருக்கு. எங்களுக்கு அது சாமியில்லை, வண்டி. விடியக்காலையில சொசைட்டிக்குப் பால், அப்புறம் வாய்க்கா மேட்டுக் காட்டுக்கு உரமூட்டை, சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு. அது நின்னா எங்க வீட்ல ஒரு ஆள் படுத்த மாதிரி.

அதை எப்படி இத்தனை வருசம் ஓட்டறேன்னு அவர் கேட்கவே இல்லை. என்ன விலைன்னு மட்டும்தான் கேட்டார். அதுதான் எனக்குக் கோபம்.

எப்படின்னு நானே சொல்றேன். எங்க டவுன்ல ஒரு மெக்கானிக் அண்ணன் இருந்தார். புளியமரத்தடியில ஒரு தகரக் கொட்டகை. அப்பா காலத்துல இருந்து வண்டி அவர்கிட்டதான். நான் பத்தாவது படிக்கிறப்ப இஞ்சின் இறக்கற அன்னைக்கெல்லாம் போய் உக்காந்துக்குவேன். "பார்த்துட்டே இருந்தா வராது கண்ணு, இந்தா புடி"ன்னு ஒருநாள் டி-ஸ்பேனரைக் கையில குடுத்தார். அப்படி ஆரம்பிச்சது. எட்டு வருசத்துக்கு முந்தி அவர் கண்ணுல புரை விழுந்து கடையை மூடினார். கத்துக்க ஒரு பையனும் வரலை. அவரோட மேக்னட் புல்லரும் கிளட்ச் ஹோல்டரும் இப்ப என் வீட்டு அட்டாலியில இருக்கு. காசு வாங்கிக்க மாட்டேன்னுட்டார்.

முதல் தடவை நானா இஞ்சின் திறந்தப்ப கெடுத்துத்தான் வெச்சேன். அதையும் சொல்லிடணும், இல்லேன்னா பெருமை பேசற மாதிரி ஆயிடும். பிளாக்குக்கு போர் போட்டு, பிஸ்டன் புதுசு வாங்கி, ரிங் ரெண்டையும் பள்ளத்துல இருக்கிற ஊசிக்குச் சரியா வாய் சேர்த்து, பிஸ்டன் மேல இருக்கிற அம்புக்குறியை சைலன்சர் பக்கம் பார்க்க வெச்சு, எல்லாம் ஒழுங்காப் பண்ணினேன். பிஸ்டன் பின் வெளியில வராம ரெண்டு பக்கமும் புடிச்சுக்கிற சர்க்ளிப் இருக்கு பாருங்க, அது மட்டும் பழசையே போட்டேன். ரெண்டு ரூபா சாமான். நல்லாத்தானே இருக்குன்னு நினைச்சேன். அறுபது கிலோமீட்டர் ஓடியிருக்கும், கவுந்தப்பாடி ரோட்டுல கரகரன்னு ஒரு சத்தம், வண்டி நின்னுபோச்சு. கழட்டிப் பார்த்தா சர்க்ளிப் தெறிச்சு புது போரை மேலிருந்து கீழே உழுது வெச்சிருக்கு. மறுபடியும் லேத்துக்கு. ஒரு பிளாக்குக்கு கால் மில்லி கால் மில்லியா நாலு தடவைதான் போர் போட முடியும். அதுல ஒரு தடவையை ரெண்டு ரூபாய்க்குத் தொலைச்சேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. அந்த சர்க்ளிப்பை எடுத்து சாமி படத்துக்குக் கீழே ஆணியில மாட்டி வெச்சார். இன்னும் அங்கேதான் இருக்கு.

அதுக்கப்புறம் பழசைப் போடறதில்லை.

ரெண்டு வருசத்துக்கு முன்னால முழு இஞ்சினையும் பிரிச்சேன். வண்டி நிக்கிறப்ப ஆக்சிலேட்டரை விட்டாலும் இஞ்சின் சத்தம் இறங்காம கூவிட்டே இருந்தது. கார்ப்பரேட்டர்தான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் ரெண்டு தடவை கழட்டிக் கழுவினேன். சரியாகலை. மேக்னட் பக்கத்து ஆயில் சீல் போயிருந்தது. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியில கிராங்க் இருக்கிற அறையே காத்தை உறிஞ்சித் தள்ளற பம்ப். அதுல சீல் போனா வெளிக்காத்தைத் திருட்டுத்தனமா இழுக்கும். பெட்ரோல் பத்தாம இஞ்சின் சூடேறும், அப்படியே ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனா கதை வேற. அது கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், பின்னால வெள்ளைப் புகை கிளம்பும், கியர் ஆயில் அளவு இறங்கிட்டே வரும். ஒரே மாதிரி ரப்பர் வளையம் ரெண்டு, நோய் ரெண்டு விதம். இதையெல்லாம் கண்டுபிடிக்க எந்த மெசினும் வேண்டியதில்லை. காதும் மூக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சீல் மாத்தறதோட விட்டிருக்கலாம். ஆனா கனெக்டிங் ராடைப் பிடிச்சு மேலும் கீழும் ஆட்டினப்ப ஒரு சின்ன டக் கேட்டுச்சு. பக்கவாட்டுல ஆடினாப் பரவாயில்லை, அது இருக்கத்தான் செய்யும். மேலும் கீழும் ஆடக்கூடாது. சரின்னு ரெண்டா பிளந்து கிராங்கை லேத்துக்குக் கொண்டு போனேன். பிரஸ்ல வெச்சுப் பிரிச்சு, புது ராடும் பின்னும் பேரிங்கும் போட்டு, திரும்பச் சேர்த்து, சுத்தவிட்டு டயல் வெச்சுக் கோட்டம் எடுத்துக் குடுத்தாங்க. அந்தக் கோட்டம் எடுக்கிற வேலையைப் பார்க்கணும் நீங்க. செம்புச் சுத்தியல்ல ஒரு தட்டு, முள்ளைப் பார்க்கிறது, இன்னொரு தட்டு. அந்தத் தட்டறதுல அளவுன்னு ஒண்ணும் எழுதி வைக்கலை, கைதான் அளவு.

வீட்டுக்கு வந்து புது பேரிங் ரெண்டையும் ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சேன். குளுருல பேரிங் ஒரு துளி சுருங்கும். காலையில இஞ்சின் கேஸை அடுப்புத் தணல் மேல சூடு பண்ணினா அது ஒரு துளி விரியும். அப்ப வெச்சா அடிக்காம இடிக்காம டொப்புன்னு உக்காந்துக்கும். இந்த வித்தையை அம்மிணிக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். மாவெடுக்கப் போனவ பேரிங்கைப் பார்த்துட்டு, "ஏனுங்க, நாளைக்கு சைலன்சரை இட்லிப் பானையில வேக வெப்பீங்களா?"ன்னு கேட்டா. சைலன்சர் கரியை எடுக்க அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணியில ஊற வைக்கணும்ங்கிறதை அன்னைக்கு நான் வாயே திறக்கலை.

பிஸ்டன் செட், ராடு கிட், பேரிங், சீல், பேக்கிங், லேத் கூலி எல்லாம் சேர்த்து ஒம்பதாயிரத்துச் சொச்சம் ஆச்சு. நாலு ஞாயித்துக்கிழமை போச்சு. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் பிளக் மாத்தினதோட சரி.

இப்ப அந்தக் கோயமுத்தூர்க்காரர் சொன்ன "ரெஸ்டோர்" என்ன ஆகும்னு பாருங்க. இங்கே பக்கத்து ஊர்ல வித்தவங்க வண்டி ரெண்டு மூணை அப்புறம் நான் பார்த்திருக்கேன். டேங்குக்குப் புது பெயிண்ட், ஸ்டிக்கர், எல்லாத்துக்கும் குரோம், பட்டன் மாதிரி சின்ன இண்டிகேட்டர். சைலன்சர் உள்ளே இருக்கிற குழாயை உருவி எறிஞ்சுட்டு ஊர் முழிக்கிற மாதிரி சத்தம். ரெண்டு ஸ்ட்ரோக்ல சைலன்சர் வெறும் சத்தம் அடக்கறதுக்கு இல்லீங்க. எரியாம வெளியில ஓடற பெட்ரோலை எதிரலை குடுத்துத் திரும்பத் தள்ளறதும் அதோட வடிவம்தான். அதைப் பிய்ச்சு எறிஞ்சா சத்தம் கூடும், இழுவை குறையும். இஞ்சினைத் திறந்தே பார்க்கலை, பெயிண்டுக்கு மட்டும் நாப்பதாயிரம். ஆர்.சி.யில இருக்கிற இஞ்சின் நம்பர் ஒண்ணு, வண்டியில இருக்கிறது இன்னொண்ணு. அதை ஒன்றரை லட்சம்னு சொல்லி அடுத்தவர் தலையில கட்டறது. இதுக்குப் பேர் காப்பாத்தறதா? செத்த பொணத்துக்குப் பவுடர் போடறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாரும் அப்படின்னு சொல்லலை. சென்னையில இருந்து ஒரு தம்பி வருசம் ஒரு தடவை வருவான், ஐ.டி. வேலை, மாடி பால்கனியில வெச்சு ஒரு யெஸ்டியை ரெண்டு வருசமா நட்டு நட்டாச் சேர்த்தான். புதுப்பேட்டையில அலைஞ்சு அலைஞ்சு ஒரிஜினல் சாமான் தேடினான். அவன் கை நகத்துல கிரீஸ் இருக்கும். அவனுக்கு நான் எதை வேணாலும் குடுப்பேன். நான் சொல்றது காசு குடுத்து நினைவை வாங்க வர்றவங்களை. அதுவும் யார்கிட்ட? புருசன் செத்து ஆறு மாசம் ஆகாத வீட்டுல போய், பழைய இரும்புதானேன்னு பன்னெண்டாயிரம் குடுத்துத் தூக்கிட்டுப் போறாங்க. எங்க தெருவுலயே நடந்தது. அந்த அக்காவுக்கு அந்த வண்டியோட விலை தெரியாது, இவங்களுக்கு நல்லாவே தெரியும்.

சரி, இவங்களை விடுங்க. இவங்க கொஞ்சப் பேர். எனக்குப் பெரிய சண்டை வேற இடத்துல.

பக்கத்துக் காட்டுத் தம்பி மூணு வருசத்துக்கு முன்னால புது வண்டி எடுத்தான், தவணையில. வேகமான வண்டி, நல்ல மைலேஜ், புகையே இல்லை. அதுல எனக்குக் குறையில்லை. போன மாசியில மஞ்சள் வேக்காடு நடக்கறப்ப, ஆளும் டிராக்டரும் நிக்க, இவன் வண்டி ஸ்டார்ட் ஆகலை. மீட்டர்ல ஒரு மஞ்சள் விளக்கு. என்கிட்டதான் தள்ளிட்டு வந்தான். பிளக் பார்த்தேன், பொறி வருது. டேங்க்ல பெட்ரோல் இருக்கு. அதுக்கு மேல நான் என்ன பண்ண? கார்ப்பரேட்டரே கிடையாது, ஊசி மாதிரி தெளிக்கிற இஞ்செக்டர். 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 வந்ததுல இருந்து புது வண்டிகள்ல பெரும்பாலும் அதுதான். என்ன கோளாறுன்னு விளக்கு சொல்லாது. கம்பெனி கருவியை மாட்டினாத்தான் சொல்லும். அந்தக் கருவி சர்வீஸ் சென்டர்ல மட்டும். மினி ஆட்டோவுல ஏத்திட்டுப் போனான். ஒரு சென்சார் போயிருக்குன்னாங்க. தனியா வராது, முழு செட்டாத்தான் மாத்தணும்னாங்க. சாமான் வர பத்தொம்பது நாள். அந்தப் பத்தொம்பது நாளும் அவன் என்னோட இந்தக் கிழட்டு ஆர்.எக்ஸ்.லதான் சந்தைக்கும் வேக்காட்டுக்கும் போனான். தவணை மட்டும் தேதி தவறாமக் கட்டினான், ஓடாத வண்டிக்கு.

நான் புது வண்டியே வேண்டாம்னு சொல்ற ஆள் இல்லை. ரெண்டு ஸ்ட்ரோக் இஞ்சின் ஆயிலையும் சேர்த்து எரிக்கும். புதுக் கலவை உள்ளே வர்றப்பவே அதுல கொஞ்சம் எரியாமலே சைலன்சர் வழியா ஓடிடும். அதோட பொறப்பே அப்படி. சென்னையில ஒவ்வொரு சிக்னல்லயும் இப்படி நூறு வண்டி நின்னா மூச்சு விட முடியாது. அதை நிறுத்தினது சரிதான். என் வண்டியும் ஒரு நாளைக்கு எட்டு பத்து கிலோமீட்டருக்கு மேல ஓடறதில்லை. இதை அண்ணா சாலைக்குக் கொண்டு வந்து ஓட்டறேன்னு நான் கேட்கலை. நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான். புகையில்லாத வண்டி செய்யத் தெரிஞ்ச கம்பெனிக்கு, வாங்கினவன் திறந்து பார்க்கிற மாதிரி செய்யத் தெரியாதா? விளக்கு எரியறப்ப அது எதுக்கு எரியுதுன்னு அதே மீட்டர்ல தமிழ்ல எழுதிக் காட்ட எவ்வளவு செலவாகும்? சென்சாரைத் தனியா வித்தா யாருக்கு நஷ்டம்?

யாருக்கு லாபம்னு கேட்டா உடனே புரியும்.

இது எங்க ஊர்ச் சண்டை மட்டும் இல்லை. அமெரிக்காவுல பெரிய பெரிய டிராக்டர் வெச்சிருக்கிற விவசாயிகளும் இதையேதான் கேட்டாங்க. கோடிக்கணக்கான ரூபாய் டிராக்டர் வயல் நடுவுல நிக்கும், சாஃப்ட்வேர் சாவி டீலர்கிட்ட இருக்கும். கொலராடோ மாநிலத்துல 2023ல இதுக்குன்னே சட்டம் போட்டாங்க. விவசாயக் கருவி விக்கிற கம்பெனி, அதைப் பழுது பார்க்கத் தேவையான சாமான், கருவி, கையேடு எல்லாத்தையும் வாங்கினவனுக்கும் குடுத்தாகணும்னு. 2024 ஜனவரியில இருந்து அது நடைமுறை. நம்ம ஊர்லயும் 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம்னு நாலு துறையைக் குறிச்சது. அந்த வருசமே டிசம்பர்ல இணையதளமும் வந்தது. நல்லதுதான். ஆனா சட்டம்னு ஒண்ணு வராம, இணையதளத்துல கம்பெனி பேரும் கஸ்டமர் கேர் நம்பரும் இருந்தா எனக்கு ஆயில் சீல் வந்துடுமா? கஸ்டமர் கேர் நம்பர் எங்களுக்கு எப்பவுமே தெரியுமே.

இன்னொரு பக்கம் வயசு வயசுன்னு ஒரு கணக்கு. பதினஞ்சு வருசம் ஆனா ஆர்.சி. புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை. அது சரி, வண்டியைப் பரிசோதிக்கத்தான் வேணும். 2017ல புதுப்பிச்சப்ப கட்டணம் 300 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து அது 1000 ஆச்சு, அந்த வருசம் நான் கட்டினேன். 2025 ஆகஸ்ட்ல இருந்து இருபது வருசம் தாண்டின மோட்டார் சைக்கிளுக்கு 2000. அடுத்தது 2027, கட்டத்தான் போறேன். என் கேள்வி வேற. பிரேக் பிடிக்குதா, லைட் எரியுதா, புகை எவ்வளவுன்னு பாருங்க. தோத்தா ரோட்டுல விடாதீங்க. ஜெயிச்சா, வயசாச்சுங்கிறதுக்காக எதுக்கு அபராதம் மாதிரி வாங்கறீங்க? நல்லா வெச்சிருக்கிறவனுக்கும் போட்டு அடிச்சவனுக்கும் ஒரே கட்டணம். அஞ்சு வருசத்துல பிரேக் லைனிங் தேஞ்சு இரும்போட இரும்பு உரசற வண்டியை நான் தினம் பார்க்கறேன். அதை எவனும் நிறுத்தறதில்லை, அது புது வண்டியாச்சே.

எத்தனாலைப் பத்தியும் ஒரு வார்த்தை. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். கரும்பு போடறவன் நான், ஆலைக்கு வெட்டி அனுப்பறவன் நான். எத்தனாலுக்குக் கரும்பு போனா எனக்கு நல்லதுன்னு மேடையில சொல்றாங்க, இருக்கலாம். ஆனா அதே எத்தனால் என் வண்டியோட பழைய ரப்பர் குழாயை ஊற வெச்சு இளக்கிடுது. ஈரத்தை இழுக்கும், வண்டி பத்து நாள் நின்னா டேங்க் அடியில துரு. ஒரு லிட்டர் எத்தனால்ல பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால அதே ஜெட்ல ஓட்டினா கலவை மெலிஞ்சு சூடேறும். ஒரு பக்கம் என் கரும்பு, ஒரு பக்கம் என் பிஸ்டன். சிரிக்கறதா அழுகறதான்னு தெரியலை. நான் என்ன பண்ணினேன்னா, பெட்ரோல் குழாயைப் புதுசா மாத்தினேன், மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிசாப் போட்டேன், பிளக் நிறம் பார்த்தேன். காப்பித்தூள் நிறத்துல இருக்கணும், வெளுத்திருந்தா ஆபத்து. ரெண்டு நாள் மாத்தி மாத்திப் பார்த்ததுல சரியா வந்தது. என்னால பண்ண முடிஞ்சதுக்குக் காரணம் அது ஒரு ஸ்க்ரூ டிரைவர்ல திறக்கிற கார்ப்பரேட்டர்ங்கிறதுதான்.

அந்தத் தம்பி, அதான் பத்தொம்பது நாள் என் வண்டியை ஓட்டினவன், ஒருநாள் என்கிட்ட, "மாமா, உங்களுக்கென்ன, கைவேலை தெரியும். நாங்க எங்கே போறது?"ன்னு கேட்டான். அவன் டிப்ளமோ படிச்சவன். மெக்கானிக்கல். மூணு வருசத்துல ஒரு இஞ்சினை முழுசாப் பிரிச்சதில்லையாம், சுவத்துல அறுத்து மாட்டின மாடலைத்தான் பார்த்திருக்கான். நான் அவனை எதுவும் சொல்லலை. பழைய கிளட்ச் பிளேட் செட் ஒண்ணைக் கையில குடுத்து, எது தேஞ்சது எது நல்லதுன்னு பிரிடான்னேன். ஒரு மணி நேரம் ஆச்சு, சரியாப் பிரிச்சான். என் பொண்ணு அஞ்சு நிமிசத்துல பிரிப்பா, அது வேற விசயம். அவ எட்டாவதுதான் படிக்கிறா. ஆனா ஃபீலர் கேஜை அவகிட்ட இருந்து நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கு.

கோயமுத்தூர்க்காரர் கிளம்பறப்ப ஒண்ணு கேட்டார். "உங்களுக்கப்புறம் இதை யாருங்க பார்த்துக்குவாங்க?" அவர் எதை நினைச்சுக் கேட்டாரோ. கட்டுத்தரையில பொண்ணு வண்டியை ஸ்டேண்ட் எடுத்து, ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணி, பால் கேனை மாட்டிட்டிருந்தா. ஓட்ட அவளுக்கு இன்னும் வயசாகலை, அதனால நான்தான் ஏறி உக்காந்தேன். அவர் கார் பக்கத்துல நின்னு போறதையே பார்த்துட்டிருந்தார்.

ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணினார். வண்டி வேணாமுங்க, அடுத்த தடவை இஞ்சின் திறக்கறப்ப வந்து பார்க்கலாமான்னு கேட்டார். வரச் சொல்லியிருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமை கிளட்ச் பிளேட் மாத்தறேன், காலையில பால் ஊத்திட்டு வந்ததும் ஆரம்பிச்சுடுவேன். வர்றவங்க யாரா இருந்தாலும் வெள்ளைச் சட்டை வேண்டாம். பெட்ரோல் கிண்ணத்துப் பக்கத்துல பீடி சிகரெட்டும் வேண்டாம். கூடவே முடிஞ்சா உக்கடத்துல இருந்து கிளட்ச் பக்கத்துப் பேக்கிங் ஒண்ணு வாங்கிட்டு வாங்க, இங்கே டவுன்ல தீர்ந்து போச்சு. காசு குடுத்துடறேன்.